கப்பலோட்டியவரும் கைகொடுத்தவரும்
(பொதுப்பணியைத் தோளில் சுமப்போருக்கு நன்றி பாராட்டல்: நம் கடற்கரை வரலாறு தரும் பாடம்)

 

ஆண்டறிக்கை நம் கைகளுக்கு வரும் வேளையில் நாம் முதலில் புரட்டிப் பார்ப்பது வரவு செலவுப் பக்கத்தைத்தான். அதில் தவறில்லை. பொதுப்பணம் அமானிதம், அதன் கணக்கைப் பார்ப்பது உறுப்பினரின் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும். ஆனால் அந்தப் பக்கத்தில் ஏறாத செலவு ஒன்று உண்டு. நிர்வாகிகள் தம் கடையை மூடிவிட்டு அலைந்த நாட்கள், இரவில் எழுந்து வந்து தீர்த்து வைத்த வழக்குகள், வீட்டாரிடம் கேட்டுக்கொண்ட ஏச்சுகள் ஆகியவை எந்தத் தணிக்கையாளரின் ஏட்டிலும் பதிவாவதில்லை. அந்தச் செலவுக்கு நாம் தரும் ஈடு என்ன என்னும் கேள்வியை நம் கடற்கரையின் வரலாற்றிடம் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முத்துக் கரையின் பழைய வழக்கம்

கொற்கையும் காயலும் ஒரு காலத்தில் உலகம் அறிந்த துறைமுகங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே சென்ற வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தையும் இக்கடலின் முத்துக்குளிப்பையும் தம் பயணக் குறிப்பில் பதிவு செய்திருக்கின்றார். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது எனினும், அதன் முறையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் நம்மிடையே இன்றும் உண்டு. கல்லைக் காலில் கட்டிக் கடலடிக்கு இறங்குபவர் ஒருவர். படகில் நின்று அவருடைய கயிற்றைப் பிடித்திருப்பவர் மற்றொருவர். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவர் இழுத்தாக வேண்டும். அவர் கவனம் சற்றுப் பிசகினால் மூழ்கியவரின் உயிர் போய்விடும். எனவே கயிற்றை நம்பிக்கைக்குரியவர் கையில் மட்டுமே கொடுப்பார்கள்.

பொதுப்பணியும் இத்தகையதே. பொறுப்பை ஏற்பவர் மூழ்குகின்றார். கயிறு நம் கையில் இருக்கின்றது.

கயிற்றை விடாது பிடித்த நன்றியுணர்வுக்கு இக்கரையிலேயே ஒரு சான்று உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதி என்னும் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர், எட்டயபுரத்தோடு தொடர்புடைய உமறுப்புலவரைச் சீறாப்புராணம் பாடுமாறு தூண்டி ஆதரித்தார்கள் என்பதை நாம் அறிவோம். நூல் முடிவதற்குள் வள்ளல் மறைந்தார்கள். நின்றுபோக இருந்த பணியைப் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார்கள். அவரை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை, ஊதியமும் இல்லை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்கள் கொண்ட அந்நூலில், உமறுப்புலவர் பல இடங்களில் அபுல் காசிம் மரைக்காயரின் பெயரை நிறுத்தி நன்றி பாராட்டியிருக்கின்றார். அதனால்தான் மூன்று நூற்றாண்டுகள் கழிந்த பின்பும் அப்பெயர் நம் நாவில் இருக்கின்றது. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று மக்கள் வழங்கும் சொல்லும் அத்தகைய நன்றிதான். கல்வெட்டும் மாளிகையும் இல்லாமலேயே ஒரு சமுதாயம் தன் தொண்டரை நினைவில் வைத்திருக்க முடியும் என்பதற்கு இவை சான்று.

1906: தூத்துக்குடியில் ஒரு கப்பல் நிறுவனம்

இனி நூறாண்டுகளுக்கு முந்தைய செய்திக்கு வருவோம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கப்பல் போக்குவரத்து அந்நாளில் ஆங்கிலேயரின் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் நிறுவனத்தின் கையில் இருந்தது. கட்டணமும் அவர்கள் விருப்பம். சரக்கை ஏற்றுவதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். இதை எதிர்த்து 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. ஒட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்து, வழக்கறிஞராகத் தொழில் நடத்தி வந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை அவர்களே அதன் மூலவிசை.

மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவராக மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் இருந்தார். செயலாளர் பொறுப்பை ஏற்றவர் ஹாஜி முகமது பக்கீர் சேட் அவர்கள். வ.உ.சி. உதவிச் செயலாளராக இருந்தார்.

ஜமாஅத்தார்கள் இந்தப் பெயரில் சற்று நிற்க வேண்டும். பக்கீர் சேட் அவர்கள் அந்நிறுவனத்தில் 8,000 பங்குகளை இரண்டு இலட்சம் ரூபாய்க்கு வாங்கினார்கள். பத்து இலட்சத்தில் இரண்டு இலட்சம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. அது 1906ஆம் ஆண்டின் இரண்டு இலட்சம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆளும் அரசுக்குப் பிடிக்காத ஒரு முயற்சியில், வெற்றி தோல்வி தெரியாத நிலையில், ஒரு வணிகர் தம் செல்வத்தை இறக்கியதோடு தம் பெயரையும் செயலாளர் என்று எழுத இசைந்தார்கள். பணம் கொடுப்பவர்கள் சிலர் கிடைப்பார்கள். பணத்தோடு பெயரையும் கொடுப்பவர்கள் மிகச் சிலரே.

தொடக்கத்தில் நிறுவனத்திற்குச் சொந்தக் கப்பல் இல்லை. வாடகைக்கு எடுத்த கப்பல்களும் போட்டி நிறுவனத்தின் நெருக்குதலால் கைவிட்டுப் போயின. கப்பலோடுதான் திரும்புவேன் என்ற உறுதியோடு வ.உ.சி. பம்பாய் சென்றார். அப்போது அவருடைய மகன் நோயுற்றிருந்தான். மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. பொதுப்பணிக்குச் செல்வோரின் வீட்டில் எப்போதும் ஏதேனும் ஒன்று இருக்கத்தான் செய்கின்றது. ஊராருக்கு அது தெரிவதில்லை. 1907ஆம் ஆண்டில் 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றவல்ல கப்பல்கள் அவை. ஊரே கரைக்கு வந்து வரவேற்றது.

போட்டி நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. முடிவில் கட்டணமின்றியே ஏற்றிச் சென்றதாகவும், ஏறியவர்களுக்குக் குடை ஒன்றைப் பரிசாகக் கொடுத்ததாகவும் சொல்வார்கள். பெருநிறுவனத்தால் நட்டத்தைத் தாங்க முடியும். பங்குதாரர்களின் சேமிப்பில் நிற்கும் நிறுவனத்தால் அது இயலாது. குடையை வாங்கிக்கொண்டு அக்கப்பலில் ஏறியவர்களும் நம்மவர்களே என்பதையும் வரலாறு மறைக்கவில்லை.

கூட்டம் வந்த நாளும் வராத நாளும்

1908ஆம் ஆண்டு தொடக்கத்தில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி. அவர்களுக்குத் துணை நின்றார். கூலி உயர்வு பெற்றுத் தந்தார். அவ்வாண்டு மார்ச் 12ஆம் நாள் அவரும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் கடைகள் அடைக்கப்பட்டன, கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் திருநெல்வேலியில் நால்வர் உயிரிழந்தனர். எனவே மக்கள் அவரை நேசிக்கவில்லை என்று எவரும் சொல்ல இயலாது. உயிரையே கொடுத்த நேசம் அது.

ஜூலை மாதம் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டது. கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கிழுக்க வைத்தார்கள். பின்னர்க் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றினார்கள். அவர் சிறையில் இருந்த காலத்திலேயே கப்பல் நிறுவனம் நொடித்தது. எந்த நிறுவனத்தை எதிர்த்து வாங்கினாரோ, அந்த நிறுவனத்தின் கைக்கே 'காலியா' போய்ச் சேர்ந்தது.

1912 டிசம்பர் 24ஆம் நாள் அவர் விடுதலையானார். சிறைவாசலில் மாலைகளோ முழக்கங்களோ இல்லை. குடும்பத்தாரும், முன்னரே விடுதலையாகியிருந்த சுப்பிரமணிய சிவாவும், விரல்விட்டு எண்ணத்தக்க நண்பர் சிலருமே நின்றிருந்தனர். 1908இல் கடைகளை அடைத்த மக்கள் எங்கே போனார்கள்? அவர்களைக் குறைகூறுவதற்கு முன் நீதியோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி நிலையத்தில் ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட பின் இம்மாவட்டத்தின்மீது அரசின் கெடுபிடி மிகக் கடுமையாக இருந்தது. அஞ்சியவர்கள் பலர், பங்குப் பணம் போயிற்றே என்று வருந்தியவர்களும் இருந்திருப்பார்கள். எனினும் ஒரு பாடம் தெளிவாகின்றது. கொந்தளிப்பின் நாளில் பொங்கும் அன்பு வேறு. அமைதியின் நாளில் நிலைத்து நிற்கும் நன்றி வேறு. முன்னது தானாக வரும். பின்னதை நாம்தான் வளர்க்க வேண்டும்.

விடுதலைக்குப் பின் அவருடைய வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. சென்னையில் சிறு வணிகங்கள் செய்தார், வறுமையில் உழன்றார். தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியர்கள் அவருக்கென்று நிதி திரட்டிக் காந்தியடிகளிடம் கொடுத்திருந்தனர். பல பணிகளுக்கிடையே அது அவர் நினைவிலிருந்து நழுவியது. 1915இல் இருவருக்கும் இடையே கடிதங்கள் நடந்தன. 1916இல்தான் 347 ரூபாய் 12 அணா வ.உ.சி.யின் கைக்கு வந்து சேர்ந்தது. காந்தியடிகளின் நேர்மையை எவரும் ஐயுறார். ஆயினும் நன்றி என்று திரட்டிய பணம் அடுப்பு எரியாத வீட்டை அடைய ஆண்டுகள் ஆயின. நல்லெண்ணம் மட்டும் போதாது. அது உரிய நேரத்தில் உரியவரிடம் சேர வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நன்றி மறவாத நெஞ்சம்

தமக்கு ஊரார் செய்ததை எண்ணி வ.உ.சி. கசந்து போகவில்லை. பறிக்கப்பட்ட சன்னதைத் திரும்பப் பெற அவருக்கு உதவியவர் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி. தாம் எதிர்த்துப் போரிட்ட அரசின் நீதிபதி ஆயிற்றே என்று வ.உ.சி. தயங்கவில்லை. தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஒவ்வொரு முறை மகனை அழைக்கும்போதும் உதவியவரின் பெயர் அவ்வீட்டில் ஒலித்தது. நன்றியைச் சொல்ல மேடை வேண்டியதில்லை என்பதை அவர் காட்டினார்.

பின்னர்க் கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் தொழில் நடத்தினார். தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் காலமானார்.

அதன் பிறகுதான் சிறப்புகள் வரத் தொடங்கின. 1961இல் அவரைப் பற்றிய திரைப்படம் வந்தது. 1972இல் நூற்றாண்டை ஒட்டி அஞ்சல் தலை வெளியாயிற்று. நம் மாவட்டமே சில ஆண்டுகள் அவர் பெயரால் வழங்கியது. 2011இல் தூத்துக்குடித் துறைமுகத்திற்கு வ.உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. இவை அனைத்தும் வேண்டியவையே. அவற்றால் நம் பிள்ளைகள் அவரை அறிகின்றனர். ஆனால் இவற்றுள் எதையும் அவர் தம் கண்ணால் காணவில்லை. பெருந்துறைமுகத்தின் பெயர்ப்பலகையைவிட, 1912இல் சிறைவாசலுக்கு நூறு பேர் சென்றிருந்தால் அது அவர் நெஞ்சைக் குளிர்வித்திருக்கும்.

ஹாஜி முகமது பக்கீர் சேட் அவர்களின் பெயரோ நம் சமுதாயத்திலேயே பலருக்குத் தெரியாது. வ.உ.சி.யின் வரலாற்றை எழுதியவர்கள் ஓரிரு வரிகளில் அவரைக் குறிப்பிட்டதால் அப்பெயர் தப்பியது. கப்பலோட்டியவரை நாடு காலம் கடந்தேனும் நினைத்தது. கைகொடுத்தவரை நினைக்க வேண்டிய கடமை நமக்கு அதிகம் உண்டு.

மார்க்கம் காட்டும் அளவுகோல்

மக்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவர் ஆகமாட்டார் என்னும் கருத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவுறுத்தியிருக்கின்றார்கள். மஸ்ஜிதுன் நபவியைக் கூட்டிச் சுத்தம் செய்து வந்த ஒருவர் இறந்தபோது, பெரிய செய்தியன்று என எண்ணித் தோழர்கள் அதை அவர்களிடம் தெரிவிக்காமல் அடக்கம் செய்துவிட்டார்கள். அண்ணலார் (ஸல்) அவர்கள் அவரைக் காணாது விசாரித்தார்கள். செய்தியறிந்ததும் எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, அவருடைய கப்ருக்கே சென்று தொழுதார்கள். பள்ளியைக் கூட்டியவருக்கு இந்த மரியாதை என்றால், பள்ளியின் பொறுப்பைச் சுமப்பவரை நாம் எப்படி நடத்த வேண்டும்?

அதே நேரத்தில், முகத்துக்கு நேரே மிகைபடப் புகழ்வதையும் அவர்கள் கண்டித்தார்கள். ஆகவே நன்றி என்பது முகத்துதி அன்று. கணக்குக் கேட்காமல் இருப்பதும் நன்றி அன்று. கலீஃபா அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் பொறுப்பேற்றவுடன், நான் சரியாக நடந்தால் உதவுங்கள், தவறினால் திருத்துங்கள் என்னும் பொருள்படவே உரையாற்றினார்கள். உதவியும் திருத்தமும் இரண்டுமே தலைவருக்குச் செய்யும் கடன்கள். நம்மில் பலர் இரண்டாவதை மட்டும் கடனாகக் கொள்வதுதான் குறை.

இந்த எளியவனின் குற்றம்

பிறரைச் சொல்லிக்கொண்டே போவது நியாயமன்று. இருபது ஆண்டுகளுக்கு முன், வேறொரு மஹல்லாவில் இமாமத் பணியில் இருந்தேன். அங்கே பொருளாளராக இருந்த பெரியவர் ஒருவர், இஷாவுக்குப் பின் உண்டியல் சில்லறைகளை எண்ணிக் கட்டி வைத்துவிட்டே வீடு திரும்புவார். பல்லாண்டுகள் அப்பணியைச் செய்தவர். ஒரு பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து, சிறு தொகை ஒன்றிற்கான ரசீது எங்கே என்று கேட்டார். கேட்டது தவறன்று, கேட்ட தொனி தவறு. மறுநாள் பஜ்ருக்குப் பின் பெரியவர் ரசீதையும் கொடுத்தார், சாவியையும் கொடுத்தார்.

அவர் வீட்டுக்கு எவரும் செல்லவில்லை. நானும் செல்லவில்லை. நிர்வாகப் பிரச்சினையில் இமாம் தலையிடக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு ஆண்டுகளுக்குள் அவர் வஃபாத்தானார். ஜனாஸாத் தொழுகைக்கு முன் அவருடைய பேணுதலைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசினேன். பலர் கண் கலங்கினார்கள். அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் அவருடைய மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹஜ்ரத், இதையெல்லாம் வாப்பா இருக்கும்போது ஒரு தடவை சொல்லியிருக்கலாமே!" என்றார். அதில் கோபம் இல்லை. அதனால்தான் இன்றுவரை அது என்னை விட்டு அகலவில்லை.

நாம் செய்யத்தக்கவை

பொன்னாடை போர்த்துவதோடு நன்றி முடிந்துவிடுவதில்லை. செலவில்லாத சிலவற்றை ஜமாஅத்தாரின் கனிவான பார்வைக்கு வைக்கின்றேன்.

முதலாவது, ஒவ்வோர் ஆண்டும் பொதுக்கூட்டத்தில், இப்பள்ளிக்காக முன்னர் உழைத்த நிர்வாகிகளின் பெயர்களை வாசித்து துஆச் செய்யலாம். ஓர் ஏட்டில் அப்பெயர்களையும் அவர்கள் செய்த பணியையும் எழுதி வைக்கலாம். எழுதப்பட்டதால்தான் அபுல் காசிம் மரைக்காயரும் பக்கீர் சேட்டும் நமக்குக் கிடைத்தார்கள்.

இரண்டாவது, பொறுப்பிலிருந்து விலகுபவர் எக்காரணத்தால் விலகினாலும், அந்த வாரத்திற்குள் நிர்வாகத்தின் சார்பில் சிலர் அவர் இல்லம் சென்று ஸலாம் சொல்லி வர வேண்டும். பொறுப்பில் ஏறும்போது காட்டும் மரியாதையை இறங்கும்போதும் காட்ட வேண்டும்.

மூன்றாவது, கணக்கைக் கேட்போம். கூட்டத்தில், உரிய முறையில், அமைதியாகக் கேட்போம். தேநீர்க் கடையில் கேட்க வேண்டாம். விடை கிடைத்ததும் சரியென்று அதே கூட்டத்தில் சொல்வோம்.

நான்காவது, நிர்வாகிகளின் குடும்பத்தாரை நினைப்போம். அவர்கள் விட்டுக்கொடுத்த நேரத்தில்தான் நம் காரியங்கள் நடக்கின்றன.

ஐந்தாவது, இளைஞர்களுக்குச் சிறு பொறுப்புகளைக் கொடுத்து, அவர்கள் செய்யும் நன்மையை அன்றன்றே சொல்லுவோம். பொறுப்புக்கு ஆள் கிடைக்கவில்லை என்று பல மஹல்லாக்களில் வருந்துகின்றோம். முந்தையவருக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர் எப்படித் துணிந்து முன்வருவார்?

இவ்வாண்டும் நம் நிர்வாகிகள் மூழ்கி எடுத்து வந்தவை இந்த அறிக்கையின் பக்கங்களில் இருக்கின்றன. குறை இருந்தால் சொல்லுங்கள். நிறை இருந்தால் அதையும் சொல்லுங்கள். இன்றே, அவர்கள் கேட்கும்படியாகச் சொல்லுங்கள்.

தன் பெயருக்காகவன்றி அல்லாஹ்வின் பொருத்தத்திற்காகப் பொதுப்பணி செய்து மறைந்தவர்களின் பணிகளை வல்ல ரஹ்மான் ஏற்றருள்வானாக! நம்மிடையே இருந்து உழைப்போருக்கு உடல்நலத்தையும் பொறுமையையும், நமக்கு நன்றியறியும் நெஞ்சத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.